பருத்திச் சந்தை முதல் வாகனச் சோதனை வரை: மெம்ஃபிஸ் நகரில் காவலும் வறுமையும் நிறமும்

எகிப்தில் நைல் நதிக்கரையில் ஃபிர்அவ்ன்கள் கோலோச்சிய பழந்தலைநகர் மெம்ஃபிஸ். 1819-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துத் தென்மேற்கு மூலையில், மிசிசிப்பிப் பேராற்றின் கரைமேட்டில், புதிய நகரொன்றை அமைக்க முற்பட்ட நிலவுடைமையாளர் மூவர் அதற்கும் அப்பெயரையே சூட்டினர். அம்மூவருள் ஒருவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆண்ட்ரூ ஜாக்சன். பேராற்றையும் வளம்மிக்க சமவெளியையும் கண்டு, இதுவும் ஒரு நைல் நதியே என்னும் எண்ணத்தில் இடப்பட்ட பெயர் அது. ஆனால் தென்மாநிலப் பருத்தி வயல்களில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகளும் எகிப்தை அறிந்திருந்தனர். அவர்தம் பக்திப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருவது மூஸா நபி (அலை) அவர்களின் வரலாறும், ஒரு சமூகத்தை அடிமைப்படுத்தி விடுவிக்க மறுத்த ஃபிர்அவ்னின் பிடிவாதமும்தாம். ஒரே பெயரை ஆண்டவர்கள் ஒரு பொருளிலும் ஆளப்பட்டவர்கள் வேறொரு பொருளிலும் கேட்ட நகரம் மெம்ஃபிஸ் எனலாம்.

இந்நகரின் பெயர் அண்மைக் காலத்தில் உலகச் செய்திகளில் அடிபட்டது 2023 ஜனவரியில். அம்மாதம் 7-ஆம் நாள் இரவு, ஃபெடெக்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்து வந்த டயர் நிக்கோல்ஸ் என்னும் 29 வயது கறுப்பின இளைஞர் காரில் சென்றுகொண்டிருந்தபோது காவலரால் நிறுத்தப்பட்டார். தப்பியோடிப் பிடிபட்டு, தம் தாயின் வீட்டுக்கு அருகிலேயே அடித்து நொறுக்கப்பட்டு, மூன்று நாட்களுக்குப்பின் மருத்துவமனையில் உயிர்நீத்தார். அவரை அடித்தமைக்காகக் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட காவலர் ஐவரும் கறுப்பினத்தவர். அவர்களுடைய துறைத் தலைவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரும், காவல்துறையில் பாதிக்கு மேற்பட்டோரும் கறுப்பினத்தாரே. அவ்வாறாயின் இதில் நிறவெறிக்கு இடமேது என்று அமெரிக்காவிலேயே பலர் வினவினர். நியாயமான வினாதான். ஆயினும் அடித்தவர் யார் என்பதை மட்டும் பார்த்து அதற்கு விடைகாண முயல்வது போதாது. இந்நகரில் காவல்துறை என்னும் அமைப்பிடம் என்ன வேலை ஒப்படைக்கப்பட்டது, யாரைக் கண்காணிக்க ஒப்படைக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு இருநூறு ஆண்டுகள் பின்செல்ல வேண்டியுள்ளது.

மெம்ஃபிஸ் பருத்தியால் வளர்ந்த நகரம். சுற்றியுள்ள பண்ணைகளின் விளைச்சல் முழுவதும் ஆற்றுத் துறைக்கு வந்து சேர்ந்தது. பருத்தி விற்ற தெருக்களிலேயே மனிதரும் விற்கப்பட்டனர். அவ்வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர்களுள் முதன்மையானவர் நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்ட். பின்னர் உள்நாட்டுப் போரில் தென்தரப்புத் தளபதியாகவும், அதன்பின் கு க்ளக்ஸ் க்ளான் என்னும் பயங்கர இரகசிய இயக்கத்தின் தலைவராகவும் விளங்கியவர். எசமானனின் அனுமதிச் சீட்டின்றி ஓர் அடிமை இரவில் வெளியே நடமாடலாகாது என்பது தென்மாநிலங்களின் பொதுச் சட்டம். சீட்டைக் கேட்டுச் சோதிக்கவும், இல்லாதவனைச் சவுக்கால் அடிக்கவும் ரோந்துப் படைகள் இருந்தன. ஒரு மனிதன் எங்கிருந்து வருகிறான், எங்கே போகிறான், அவனிடம் உரிய தாள் உண்டா என்று தெருவில் நிறுத்திக் கேட்கும் அதிகாரத்தின் வேர் இவ்வழக்கத்தில் இருக்கிறது. வாசகர் இதனை நினைவில் நிறுத்த வேண்டுகிறேன். இக்கட்டுரை மீண்டும் இவ்விடத்துக்கே வரவேண்டியிருக்கும்.

1862 ஜூன் மாதம் வடதரப்புப் படைகள் நகரைக் கைப்பற்றின. பண்ணைகளை விட்டு வெளியேறிய அடிமைகள் ஆயிரக்கணக்கில் நகரில் வந்து குவிந்தனர்; அவர்களுள் பலர் வடதரப்புப் படையிலேயே சேர்ந்து சீருடை அணிந்தனர். நகரக் காவலர்களில் மிகப் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி வந்து குடியேறிய ஏழை வெள்ளையர். கூலிவேலைக்கும் குடியிருப்புக்கும் போட்டியிட்ட இரு ஏழைச் சமூகங்களில் ஒன்றின் கையில் மட்டும் தடியும் துப்பாக்கியும் இருந்தன. 1866 ஏப்ரல் இறுதியில் கறுப்பினப் படைவீரர்கள் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். மறுநாள், மே 1-ஆம் தேதி, அவர்களுக்கும் காவலர்களுக்கும் ஏற்பட்ட மோதல் மூன்று நாள் வெறியாட்டமாக முடிந்தது. காவலரும் அவரோடு சேர்ந்த வெள்ளையர் கும்பலும் கறுப்பினக் குடியிருப்புகளில் புகுந்து 46 பேரைக் கொன்றனர். வெள்ளையர் இருவர் இறந்தனர். 91 வீடுகளும் 4 தேவாலயங்களும், விடுதலை பெற்றோருக்கென எழுந்த பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. ஐந்து பெண்கள் மானபங்கம் செய்யப்பட்டனர். அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக்குழு நகருக்கு வந்தபோது, அப்பெண்கள் அதன்முன் நின்று சாட்சியம் கூறினர். முன்பு அடிமைகளாயிருந்த பெண்கள் அவ்வாறு சான்று பகர்ந்தமை அந்நாட்டு வரலாற்றில் பெருந்துணிவு. எனினும், குற்றமிழைத்தோர் எவரும் தண்டிக்கப்படவில்லை.

இக்கொடுமையின் எதிரொலி இரண்டு. ஒன்று, சட்டத்தின் சமமான பாதுகாப்பை எல்லாக் குடிமக்களுக்கும் உறுதியளிக்கும் 14-ஆம் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு வலுச்சேர்த்த நிகழ்ச்சிகளுள் மெம்ஃபிஸ் படுகொலையும் இடம்பெற்றது. மற்றொன்று, நகரக் காவல்துறையை மாநில அரசு தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. அப்போதைய மாநில அரசு, விடுதலை பெற்றோருக்கு ஆதரவானவர்களின் கையில் இருந்தது. நகரின் காவலை மாநிலம் கையிலெடுக்கும் வழக்கம் இவ்வாறு நல்லதொரு காரணத்துக்காகத் தொடங்கியதென்பது விந்தையே.

1878-இல் மஞ்சள் காய்ச்சல் நகரைச் சூறையாடியது. வசதி படைத்தோர் ஓடிவிட, எஞ்சியோரில் 5,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு நகரம் தன் நகராட்சி உரிமையையே இழந்தது. அக்காய்ச்சல் காலத்தில்தான், காவல் காக்க வெள்ளையர் போதாத நிலையில், முதன்முறையாகக் கறுப்பினத்தவர் காவலராக நியமிக்கப்பட்டனர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் அவர்களும் இல்லாமற் போயினர்.

வறுமைக்கும் வன்முறைக்கும் உள்ள தொடர்பை இந்நகரிலிருந்தே உலகுக்கு எடுத்துரைத்தவர் ஐடா பி. வெல்ஸ். அடிமையாகப் பிறந்து, ஆசிரியையாகி, பின்னர் ஒரு பத்திரிகையின் ஆசிரியரும் பங்குதாரருமான அவ்வம்மையாரின் நண்பர் தாமஸ் மாஸ் என்பவர், தோழர்களோடு சேர்ந்து ‘மக்கள் மளிகை’ என்னும் கடையை நடத்திவந்தார். எதிரில் கடை வைத்திருந்த வெள்ளையரின் வாடிக்கையாளர் இங்கு வரத் தொடங்கினர். பூசல் மூண்டது. மாஸும் தோழர் இருவரும் சிறையிலடைக்கப்பட்டனர். 1892 மார்ச் 9-ஆம் தேதி விடியற்காலையில் ஒரு கும்பல் அவர்களைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுசென்று சுட்டுக் கொன்றது. வெள்ளைப் பெண்டிரின் கற்பைக் காக்கவே இத்தகைய கும்பல் கொலைகள் நிகழ்கின்றன என்பது அந்நாளில் எங்கும் சொல்லப்பட்ட சமாதானம். இம்மூவர் மீது அத்தகைய பழி ஏதுமில்லை என்பதைக் கண்ட வெல்ஸ், ஏனைய கொலைகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். பெரும்பாலானவற்றில் அக்குற்றச்சாட்டே இல்லை. இருந்த பலவற்றிலும் அது பொய். பொருளீட்டித் தலைநிமிர்ந்த கறுப்பினத்தானைத் தட்டிவைக்கும் வழி இது என்பதே அவர் கண்ட முடிவு. அவ்வாண்டு மே மாதம், அவர் வெளியூர் சென்றிருந்தபோது, அவருடைய பத்திரிகை அலுவலகம் அழிக்கப்பட்டது. ஊர் திரும்பினால் கொல்லப்படுவார் என்னும் எச்சரிக்கையும் வந்தது. அவ்வம்மையாரின் பத்திரிகைப் பணிக்குப் புலிட்சர் அமைப்பு சிறப்பு விருது வழங்கியது 2020-இல். அவர் மறைந்து 89 ஆண்டுகளுக்குப் பின்னர்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எட்வர்ட் கிரம்ப் என்னும் அரசியல் தலைவரின் ஆதிக்கம் நகரில் நிலவியது. வேலையின்றித் திரிவதையே குற்றமாக்கிய சட்டங்கள் தென்மாநிலங்களெங்கும் இருந்தன. பருத்தி பறிக்க ஆள் தேவைப்படும் பருவத்தில் அச்சட்டங்கள் திடீரென உயிர்பெறும். மெம்ஃபிஸும் இதற்கு விலக்கன்று. கையில் காசில்லாமல் தெருவில் நிற்பவன் பண்ணைக்குப் போகவேண்டும், அல்லது சிறைக்குப் போகவேண்டும். அடிமைக் காலத்து அனுமதிச் சீட்டின் இடத்தில் இப்போது வேலைச் சான்று வந்தமர்ந்தது.

1948-இல் கறுப்பினத்தவர் மீண்டும் காவல்துறையில் சேர்க்கப்பட்டனர். முதலில் ஒன்பது பேர். வெள்ளையரைக் கைது செய்ய அவர்களுக்கு அதிகாரமில்லை. கறுப்பினத்தார் வணிகமும் கேளிக்கையும் நிறைந்த பீல் தெருப் பகுதியில் தம்மவரைக் காவல் செய்வதே அவர்கள் பணி. அந்த ஒன்பதின்மருள் ஒருவர் எர்னஸ்ட் விதர்ஸ். சில ஆண்டுகளில் காவல் பணியை இழந்த அவர் புகைப்படக் கலைஞரானார். குடியுரிமைப் போராட்டத்தின் மறக்கவியலாத படங்கள் பல அவர் எடுத்தவை. அவர் 2007-இல் மறைந்தார். போராட்டத் தலைவர்களைப் பற்றிக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறைக்குப் பணம் பெற்றுத் தகவல் அளித்துவந்தவர் அவர் என்னும் செய்தி 2010-இல் வெளியாயிற்று. காவலர், கலைஞர், ஒற்றர் என்ற மூன்றும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தன. தீர்ப்புக் கூறுவது எளிதன்று. பெரிய குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய நிலையிலிருந்தவர் அவர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி 1968. நகரின் குப்பை அள்ளும் தொழிலாளர் ஏறத்தாழ அனைவரும் கறுப்பினத்தவர். முழுநேரம் உழைத்தும், பலர் அரசின் வறியோர் உதவிக்குத் தகுதியுடையோராய் இருக்குமளவு குறைந்த கூலி. மழை பெய்தால் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மேற்பார்வையாளரான வெள்ளையருக்கு மட்டும் முழுநாள் சம்பளம் உண்டு. பிப்ரவரி முதல் நாள் கொட்டும் மழையில், குப்பை வண்டியின் பின்புறம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்னும் தொழிலாளர் இருவரை, பழுதான அவ்வண்டியின் நசுக்கும் இயந்திரம் இழுத்துக் கொன்றது. பதினொரு நாட்களுக்குப்பின் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ‘நானும் மனிதன்’ என்னும் பொருள்படும் அட்டைகளை மார்பில் தாங்கி அவர்கள் அணிவகுத்த காட்சியை விதர்ஸ் எடுத்த படம் உலகறிந்தது. கூலி உயர்வு கேட்டவர்களின் முழக்கம் கூலியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

கோரிக்கைக்கு நகரமன்றத்திலிருந்து விடை வருமுன் காவல்துறையிடமிருந்து விடை வந்தது. பிப்ரவரி 23 அன்று ஊர்வலத்தினர் மீது கண்ணெரிச்சல் மருந்து பீய்ச்சப்பட்டது. மார்ச் 28 அன்று டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் தலைமை தாங்கிய ஊர்வலம் கலவரத்தில் முடிய, லாரி பெய்ன் என்னும் 16 வயதுச் சிறுவன் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டான். தேசியக் காவற்படை கவச வண்டிகளுடன் நகரினுள் நுழைந்தது. ஏப்ரல் 3 இரவு மேசன் ஆலயத்தில் தம் இறுதிப் பேருரையை ஆற்றிய கிங், அதிலும் எகிப்தையும் ஃபிர்அவ்னையும் நினைவுகூர்ந்தார். மறுநாள் மாலை லொரேன் விடுதியின் மாடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16-இல் நகரம் தொழிலாளரோடு உடன்பாட்டுக்கு வந்தது.

அவ்வேலைநிறுத்தத்தின்போது போராட்டக்காரர் நடுவே மாற்றுடையில் காவலர் இருந்தனர் என்பதும், காவல்துறையின் உளவுப் பிரிவு குடிமக்களைப் பற்றிக் கோப்புகள் தொகுத்துவந்தது என்பதும் பின்னர் வெளிப்பட்டன. 1976-இல் அக்கோப்புகளைக் காட்டுமாறு வழக்குத் தொடரப்பட்டபோது நகர நிர்வாகம் அவற்றை எரித்துவிட்டது. 1978-இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஓர் இணக்கத் தீர்ப்பாணை பிறப்பித்தது: அரசியல் காரணங்களுக்காக இனி எவரையும் உளவு பார்க்கலாகாது. நாற்பதாண்டுகளுக்குப்பின், 2018-இல், அத்தீர்ப்பாணையை நகரம் மீறியதென அதே நீதிமன்றம் கண்டது. காவல்துறையினர் ‘பாப் ஸ்மித்’ என்னும் பொய்ப்பெயரில் முகநூல் கணக்கொன்றைத் தொடங்கிப் போராட்டக்காரர்களின் நண்பராகச் சேர்ந்து கவனித்துவந்தனர்.

உச்ச நீதிமன்றம் வரை சென்ற மெம்ஃபிஸ் வழக்கொன்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் பயிலப்படும் வழக்கு அது. 1974 அக்டோபர் 3-ஆம் நாள் இரவு, ஒரு வீட்டில் திருடன் புகுந்ததாகத் தகவல் கிடைத்துக் காவலர் இருவர் விரைந்தனர். கொல்லைப்புறத்தில் ஆறடி உயரக் கம்பிவேலி ஓரமாக ஒருவன் பதுங்கியிருந்தான். கைவிளக்கின் ஒளியில் அவனுடைய முகமும் கைகளும் தெரிந்தன. ஆயுதமில்லை என்று காவலருக்கு ஏறக்குறைய உறுதியாகவே பட்டது. நிற்கச் சொன்னார், அவன் வேலியில் தாவினான், அவர் சுட்டார். குண்டு தலையின் பின்புறம் பாய்ந்தது. எட்வர்ட் கார்னர், வயது பதினைந்து, எட்டாம் வகுப்பு மாணவன். அவனிடம் இருந்தவை அவ்வீட்டிலிருந்து எடுத்த பத்து டாலரும் ஒரு கைப்பையும்.

காவலர் சட்டத்தை மீறவில்லை என்பதே இதில் முக்கியம். தப்பியோடுபவனைப் பிடிக்கத் தேவையான எந்த வழியையும் கையாளலாம் என்றது டென்னசிச் சட்டம். இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டத்திலிருந்து வந்த விதி அது. பெருங்குற்றம் ஒவ்வொன்றுக்கும் தூக்குத் தண்டனை இருந்த காலத்தில், ஓடுபவனைக் கொல்வது தண்டனையை முன்கூட்டி நிறைவேற்றுவதாகக் கருதப்பட்டது. வீடு புகுந்து திருடுவதற்கு மரண தண்டனை மறைந்து நெடுங்காலம் ஆனபின்னும் விதி மட்டும் எஞ்சி நின்றது. இவ்விதியின்கீழ் மெம்ஃபிஸ் காவலர் யாரைச் சுட்டனர் என்பதை, நியூயார்க் காவல்துறையில் அதிகாரியாயிருந்து ஆய்வாளரான ஜேம்ஸ் ஃபைஃப் ஆராய்ந்தார். சொத்துக் குற்ற ஐயத்தில் சுடப்பட்டோருள் கறுப்பினத்தார் வெள்ளையரைப் போல் பன்மடங்கினர் என்பது அவர் கண்டது.

மகனை இழந்த தந்தை தொடுத்த வழக்கில் 1985 மார்ச் 27-இல் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகளின் பெரும்பான்மை சார்பில் நீதிபதி பைரன் ஒயிட் எழுதினார், மூவர் மாறுபட்டனர். காவலருக்கோ பிறருக்கோ பேரபாயம் விளைவிப்பான் என்று நம்ப நியாயமான காரணமின்றி, ஓடுகிறான் என்பதற்காக மட்டும் ஒருவனைக் கொல்வது அரசியல் சட்டத்துக்கு முரண் என்பது அத்தீர்ப்பின் சாரம். 1866-இல் இந்நகரின் காவலர் நிகழ்த்திய படுகொலை வலுவூட்டிய 14-ஆம் திருத்தத்தின் வழியாகவே, மாநிலச் சட்டத்தைக் கேள்விகேட்கும் உரிமை அத்தந்தைக்குக் கிடைத்தது. ஆங்காங்கே விதிகள் திருந்தின, துப்பாக்கிச்சூடுகள் குறைந்தன. மெம்ஃபிஸ் நாட்டுக்கு அளித்த கொடைகளுள் இது ஒன்று என்று தயங்காமல் கூறலாம்.

மற்றொரு கொடையும் உண்டு. 1987-இல் மனநலம் குன்றிய ஒருவரைக் காவலர் சுட்டுக் கொன்றதைத் தொடர்ந்து, மறு ஆண்டு மெம்ஃபிஸ் காவல்துறை மருத்துவரோடும் மனநோயாளிகளின் குடும்பத்தாரோடும் கூடி ஒரு பயிற்சித் திட்டத்தை வகுத்தது. நாற்பது மணிநேரப் பயிற்சி பெற்ற காவலர், கலவரமுற்ற உள்ளத்தைச் சொல்லால் அமைதிப்படுத்தக் கற்றனர். ‘மெம்ஃபிஸ் முறை’ என்னும் பெயரிலேயே அது பல நாடுகளுக்குப் பரவியது.

1991-இல் வில்லி ஹெரென்டன் வெறும் 142 வாக்குகள் வித்தியாசத்தில் நகரின் முதல் கறுப்பின மேயராகத் தேர்வானார். காவல்துறையின் நிறம் மாறியது. நகரின் வறுமை மாறவில்லை. மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கை ஒட்டியோர் இந்நூற்றாண்டிலும் வறுமைக்கோட்டின்கீழ் இருந்துவருகின்றனர். பருத்தி மூட்டைகளின் இடத்தைச் சரக்கு விமானங்களும் கிடங்குகளும் பிடித்துக்கொண்டன. அவற்றில் கிடைப்பவை பெரும்பாலும் இரவு நேர வேலைகள், குறைந்த கூலி. பேருந்துச் சேவை குறைவான, பரந்து விரிந்த நகரில் கார் இல்லாதவனுக்கு வேலை இல்லை.

குற்றங்களும் பெருகின என்பதை மறைக்கலாகாது. 2023-இல் மட்டும் 390-க்கும் மேற்பட்ட கொலைகள். கொல்லப்பட்டோரில் பெரும்பாலோர் கறுப்பின ஏழைகள். பிள்ளைகளை இழந்த தாய்மார் காவல் வேண்டாமென்று சொல்லவில்லை. கூடுதல் காவல் கேட்டவர்களே அவர்களில் பலர். அவர்களுக்குக் கிடைத்ததோ 2021 நவம்பரில் தோற்றுவிக்கப்பட்ட, சுமார் நாற்பது பேர் கொண்ட ‘ஸ்கார்ப்பியன்’ என்னும் தனிப்பிரிவு. தேள் எனப் பொருள்படும் பெயரை ஒரு காவற்பிரிவுக்குச் சூட்டியவர்களின் மனநிலையை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். இரண்டே மாதங்களில், அப்பிரிவு 566 பேரைக் கைது செய்ததையும், 270 வாகனங்களையும் ஒரு லட்சத்துச் சொச்சம் டாலர் ரொக்கத்தையும் கைப்பற்றியதையும் மேயர் பெருமையோடு அறிவித்தார். எண்ணிக்கையே சாதனையானபோது, எண்ணிக்கைக்கு எளிய வழி சாலையில் காரை நிறுத்துவது.

இங்கேதான் வறுமை குற்றமாக உருமாறும் இயக்கம் இருக்கிறது. உடைந்த பின்விளக்கு, காலாவதியான பதிவுச் சீட்டு, கறுப்புக் கண்ணாடி: இவையெல்லாம் காரை நிறுத்தப் போதுமான காரணங்கள். வசதியுள்ளவன் பின்விளக்கை அன்றே மாற்றிவிடுவான். இல்லாதவன் அப்படியே ஓட்டுவான். அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் விதிக்கப்படும். நீதிமன்றக் கடனைச் செலுத்தாதோரின் ஓட்டுநர் உரிமத்தை இரத்துச் செய்யும் டென்னசி மாநிலச் சட்டம் 2012-இல் நடைமுறைக்கு வந்தது. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு உரிமம் இழந்தனர். உரிமமின்றியும் வேலைக்குப் போகக் கார் ஓட்டத்தான் வேண்டும். மீண்டும் நிறுத்தப்பட்டால், உரிமமின்றி ஓட்டியதற்கு மற்றொரு வழக்கு, மற்றொரு கட்டணம். 2018-இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் இச்சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரண் என்றார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லையெனினும், இடையே தவணையில் செலுத்த மாநிலம் இடமளித்தது. ஜாமீனும் இவ்வகையினதே. ஒருவனால் எவ்வளவு கட்ட இயலும் என்பதைக் கருதி ஜாமீன் தொகையை விதிக்க மெம்ஃபிஸ் நகரை உள்ளடக்கிய ஷெல்பி கவுண்டி நீதிமன்றங்கள் முயன்றன. அவ்வாறு கருதுவதையே 2024-இல் மாநிலச் சட்டம் தடை செய்தது.

நிக்கோல்ஸ் நிறுத்தப்பட்டதும் தாறுமாறாகக் கார் ஓட்டினார் என்னும் காரணங்காட்டியே. அதற்கு ஆதாரமெதுவும் கிடைக்கவில்லை என்று காவல்துறைத் தலைவரே பின்னர் கூறினார். அவர் தாக்கப்பட்டதைத் தெளிவாகப் பதிவு செய்தது தெருக்கம்பத்தில் பொருத்தப்பட்டிருந்த கண்காணிப்புக் காமிரா. குடியிருப்பினரைக் கண்காணிக்க நீலவிளக்குடன் மின்னிக்கொண்டிருக்கும் அக்கருவி அன்று காவலரைக் கண்காணித்துவிட்டது. படம் வெளியான மறுநாள், ஜனவரி 28-இல், ஸ்கார்ப்பியன் பிரிவு கலைக்கப்பட்டது. ஐவரில் இருவர் கூட்டாட்சி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். எஞ்சிய மூவரும் சாட்சியைக் கலைத்த குற்றத்தைப் புரிந்தோர் எனக் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரியினர் 2024 அக்டோபரில் முடிவு செய்தனர். கொலை உள்ளிட்ட மாநில வழக்கில் 2025 மே மாதம் அம்மூவரும் விடுதலையாயினர். ஆகஸ்டில் கூட்டாட்சி வழக்கிலும் மறுவிசாரணைக்கு ஆணையிடப்பட்டது.

அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் பதினேழு மாதங்கள் விசாரித்து 2024 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. வரம்புமீறிய பலப்பிரயோகமும், சட்டவிரோதமாக நிறுத்திச் சோதிப்பதும், கறுப்பினத்தாரிடமும் மனநலக் குறைபாடுடையோரிடமும் பாரபட்சம் காட்டுவதும் மெம்ஃபிஸ் காவல்துறையின் வழக்கமாகவே ஆகிவிட்டதென அது கூறியது. ஏறத்தாழ ஆறேகால் லட்சம் பேர் வாழும் நகரில், ஆறாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் 8 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை வாகனங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. ஒரே கறுப்பினத்தவர் மூன்றாண்டுகளில் முப்பது முறை நிறுத்தப்பட்டதையும் அறிக்கை பதிவு செய்தது. மனநலப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற அதே துறை, மனநலம் குன்றியோரை ஏளனம் செய்து தாக்கியதையும் அது எடுத்துக்காட்டியது. பயிற்சி பெற்றவர்கள் சிலரே. தெருவில் எதிர்ப்படுபவரை முதலில் சந்தேகி என்னும் மரபு துறை முழுமைக்கும் உரியது. காவலரின் நிறம் மாறியதாலும் நல்ல பயிற்சியாலும் விளைந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பின்விளக்கு மாற்றப் பணமில்லாதவனைக் குற்றவாளியின் வரிசையில் வைக்கும் வேலை எந்த நிறத்தவர் கையில் கொடுக்கப்பட்டாலும் அதே வேலைதான்.

இதனை உணர்ந்த நகரமன்றம் 2023-இல், சிறு குறைபாடுகளைச் சாக்கிட்டுக் காரை நிறுத்துவதைத் தடுத்து, நிக்கோல்ஸின் பெயரால் விதி இயற்றியது. மறு ஆண்டு மார்ச்சில் டென்னசிச் சட்டமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கியது. மாநிலத்தின் கையை நகரம் அறியாததன்று. அடிமை வணிகர் ஃபாரஸ்டின் சிலையை அகற்ற மாநிலச் சட்டம் குறுக்கே நின்றபோது, 2017 டிசம்பரில் சிலை நின்ற பூங்காவையே ஆயிரம் டாலருக்கு ஒரு தனியமைப்புக்கு விற்று, அன்றிரவே சிலையை இறக்கச் செய்தது நகரமன்றம். பூங்காவை விற்கலாம், சாலையை விற்கவியலாது.

2025 மே மாதம், மாறிய ஆட்சியின்கீழ் நீதித்துறை அமைச்சகம் தன் மெம்ஃபிஸ் அறிக்கையைத் திரும்பப் பெற்றது. செப்டம்பரில் குடியரசுத் தலைவர் டிரம்ப், ஆளுநரின் இசைவோடு, மெம்ஃபிஸுக்கெனத் தனிப் பணிப்படை ஒன்றை அமைக்க ஆணையிட்டார். அந்நகரில் குற்றங்கள் அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தன. அக்டோபரில் தேசியக் காவற்படையினர் மீண்டும் நகரத் தெருக்களில் நடமாடினர். அதனை எதிர்த்து உள்ளூர்த் தலைவர்கள் வழக்குத் தொடுத்தனர். கூட்டாட்சித் துறைகள் பலவற்றின் அலுவலரும் மாநில நெடுஞ்சாலைக் காவலரும் இணைந்த அப்பணிப்படை முதல் சில மாதங்களிலேயே பல்லாயிரக்கணக்கான முறை மேற்கொண்ட நடவடிக்கை, சாலையில் செல்லும் காரை நிறுத்தி ஓட்டுநரிடம் தாள்களைக் கேட்பது.